பெசகா அப்பம்: மாவைக் கரைக்கும் முன் தண்ணீர் கொதிக்கட்டும்

கேரளத்தில் புனித தோமையார் வழிக் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் இரவு வீட்டில் செய்யும் புளிப்பில்லாத அப்பம் பெசகா அப்பம். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய பெசகா பால். இவை பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கே: அக்கா, அரிசி, உளுந்து என்றால் இட்லி மாவுதானே? வீட்டில் இருக்கும் மாவையே தட்டில் ஊற்றி வேகவைத்தால் ஆகாதா?

ப: ஆகாது. அது புளித்த மாவு. எகிப்தை விட்டுக் கிளம்பும் இரவில் இஸ்ரயேல் மக்கள் புளிப்பில்லாத அப்பம் உண்ண வேண்டும் என்று பைபிளில் விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரம் சொல்கிறது. இயேசுவின் கடைசி இராவுணவு அந்த இரவை நினைவுகூரும் பாஸ்கா (பெசகா) விருந்துதான் என்று மத்தேயு, மாற்கு, லூக்கா மூவருமே எழுதியிருக்கிறார்கள். அந்த நினைவில் செய்கிற அப்பத்தில் ஈஸ்ட், கள், ஆப்பச்சோடா எதற்கும் இடமில்லை. பொங்கி வந்த அப்பம் வேண்டுமென்றால் ஈஸ்டர் காலை வரை பொறுங்கள், அன்றைக்குத் தாராளமாகச் சாப்பிடலாம்.

கே: சரியான அளவு சொல்லுங்களேன். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ப: வீட்டுக்கு வீடு மாறத்தான் செய்யும். நான் எடுப்பது, வறுத்த பச்சரிசி மாவு ஒரு டம்ளர், உளுந்து கால் டம்ளர், தேங்காய்த் துருவல் அரை டம்ளர், சின்ன வெங்காயம் நாலைந்து, பூண்டு ஒரு பல், சீரகம் அரைத் தேக்கரண்டி, உப்பு.

உளுந்தை இரண்டு மணி நேரம் ஊறவைத்தால் போதும், ராத்திரி முழுக்க ஊற வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் தெளித்து வழவழப்பாக அரையுங்கள். தேங்காய், வெங்காயம், பூண்டு, சீரகத்தைத் தனியாகக் கொரகொரப்பாக அரைத்தெடுங்கள். இந்த நேரத்தில் இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் அரிசி மாவைச் சேர்த்துக் கரைப்பது. இட்லி மாவுப் பதம் வந்ததும் எண்ணெய் தடவிய தட்டில் ஒரு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, 20 முதல் 25 நிமிடம் ஆவியில் வையுங்கள். நடுவில் கத்தியை விட்டு எடுத்தால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் உள்ளே பச்சை உளுந்து வாடை இருக்கும், இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். குக்கரில் வைப்பவர்கள் வெயிட் போட வேண்டாம்.

கே: வியாழக்கிழமை மாலை கோயிலுக்குப் போக வேண்டும். மதியமே கரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகலாமா?

ப: நான் வைக்க மாட்டேன். உளுந்தில் இயற்கையாகவே இருக்கும் நுண்ணுயிர்கள்தான் இட்லி மாவைப் பொங்க வைக்கின்றன. நாம் எதையும் சேர்க்காவிட்டாலும் அவை வேலையைத் தொடங்கிவிடும், ஏப்ரல் வெயிலில் இன்னும் வேகமாக. ஃபிரிட்ஜ் அதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். மாவை வறுத்து, தேங்காயைத் துருவி, வெங்காயத்தை உரித்து வைத்துவிட்டுப் போங்கள். கிளம்பும்போது உளுந்தை ஃபிரிட்ஜில் ஊறப் போடுங்கள். பாதம் கழுவும் சடங்கெல்லாம் முடிந்து வந்த பிறகு அரைத்து ஊற்ற ஒரு மணி நேரம்கூட ஆகாது. அல்லது போவதற்கு முன்பே அப்பத்தை வேகவைத்து மூடி வைத்துவிடுங்கள். வெந்த அப்பம் காத்திருக்கும்.

கே: போன வருடம் கல்லாகிவிட்டது. சோடா இல்லாமல் மெத்தென்று வரவே வராதா?

ப: இட்லி போல வராது, வரவும் வேண்டாம். கொஞ்சம் அழுத்தமாக, வில்லை போடும்படி இருப்பதுதான் இதன் பதம். ஆனால் கல்லாக இருக்கக் கூடாது. வறுத்த மாவு தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். கரைத்தபோது சரியாக இருந்த மாவு பத்து நிமிடத்தில் இறுகிவிடும். ஊற்றுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக் கொஞ்சம் தண்ணீர் சேருங்கள். உளுந்தை நன்றாக அரைத்தால் காற்று சேரும். தேங்காயில் கஞ்சத்தனம் செய்தாலும் அப்பம் விறைக்கும்.

கே: மேலே வைத்த ஓலைச் சிலுவை மாவில் மூழ்கிவிடுகிறதே?

ப: மாவு நீர்த்திருக்கிறது, அல்லது அவசரப்பட்டு வைக்கிறீர்கள். மூன்று நான்கு நிமிடம் வெந்து மேலே ஆடை கட்டியதும் மூடியைத் திறந்து வையுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலைதான் வேண்டும். காய்ந்து போயிருந்தால் தண்ணீரில் நனைத்து ஒடியாமல் மடிக்கலாம். எத்தனை அப்பம் செய்தாலும் சிலுவை ஒன்றில் மட்டும்தான்.

கே: பால் திரிந்து போகிறது.

ப: முதல் பாலைக் கொதிக்க விடுகிறீர்கள். ஒரு தேங்காய்க்குக் கால் கிலோ வெல்லம். அதைத் தனியாகக் கரைத்து வடிகட்டி, இரண்டாம் பாலோடு சேர்த்துக் காய்ச்சுங்கள். ஒரு மேசைக்கரண்டி வறுத்த அரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கி, சுக்கு, ஏலம், சீரகப் பொடி போடுங்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் முதல் பால். சூடுபடுத்த வேண்டியிருந்தாலும் இளஞ்சூடு போதும்.

கே: யார் வெட்ட வேண்டும்? எங்கள் வீட்டில் அப்பா இல்லை.

ப: வீட்டில் மூத்தவர் யாரோ அவர், அம்மாவே வெட்டலாம். செபம் சொல்லி, பைபிள் வாசித்து, சிலுவையை எடுத்துவிட்டு வெட்டி, பாலில் தொட்டு, வயதில் மூத்தவரிலிருந்து கடைக்குட்டி வரை வரிசையாகக் கொடுப்பது வழக்கம். இரண்டு கையாலும் வாங்குவார்கள். அப்பா காலமாகி ஒரு வருடம் ஆகவில்லை என்றால், வழக்கப்படி உங்கள் வீட்டில் அப்பம் செய்வதில்லை. உறவினரோ பக்கத்து வீட்டாரோ கொண்டுவந்து கொடுப்பார்கள். அப்படி ஒரு வீடு உங்கள் தெருவில் இருந்தால், கூட ஒரு தட்டு ஊற்றுங்கள்.

கே: நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. சாப்பிட ஆசையாக இருக்கிறது, செய்யலாமா?

ப: தாராளமாக. சிலுவை வைக்காமல் செய்யுங்கள். சமையல் எல்லோருக்கும் பொது, சிலுவை வைத்த அப்பம் அந்த வீட்டின் வழிபாடு.

கே: மிச்சமானால்?

ப: சிலுவை வைத்த அப்பத்தைத் தூக்கிப் போடுவதில்லை, அன்றைக்கே எல்லோரும் பகிர்ந்து முடித்துவிடுவார்கள். மற்ற அப்பத்தை மறுநாள் ஆவியில் காட்டினால் இளகிவிடும். மறுநாள் பெரிய வெள்ளி, நோன்பு இருப்பவர்கள் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வார்கள் என்பதை மனதில் வைத்து அளவாகவே ஊற்றுங்கள்.