டிஸ்குகளைத் தூக்கிப் போடலாமா? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டில் ஒரு அலமாரி நிறைய டிவிடி, இருநூறுக்கு மேல் இருக்கும், ப்ளூ-ரே ஒரு பத்துப் பதினைந்து. வீடு மாறப் போகிறோம். "எல்லாம்தான் ஓடிடியில் கிடைக்கிறதே, இதை எதுக்குப்பா சுமக்கணும்" என்கிறாள் மகள். நானே டிஸ்க் போட்டுப் படம் பார்த்து இரண்டு வருடமாகிறது, ஆனாலும் தூக்கிப் போட மனம் வரவில்லை. டிஸ்குகளைப் பற்றி நீங்கள் இங்கே பலமுறை உயர்வாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அவற்றுக்கு இன்னும் பயன் இருக்கிறதா, அல்லது இது வெறும் பழைய பாசம்தானா? கீழ்த்தட்டில் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது எடுத்த வீடியோக்களை ரைட் பண்ணி வைத்த டிவிடிகளும் நாலைந்து உண்டு. அவற்றை எப்படியும் பத்திரமாக வைத்துக்கொள்வேன், கேள்வி மற்றவற்றைப் பற்றித்தான்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் சொல்வது பாதிக்கு மேல் சரி. முதலில் அதை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். என்னைப் போன்ற டிஸ்க் பக்தர்கள் வாயைத் திறந்ததும் படத்தின் தரம் என்றுதான் ஆரம்பிப்போம், ஆனால் உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் டிவிடி என்பதால் அந்த வாதம் உங்களுக்கு உதவாது. டிவிடி படத்தில் மேலிருந்து கீழாக அதிகம் போனால் 576 புள்ளி வரிசைதான். அதே படம் ஓடிடியில் ஒழுங்கான எச்டியில் வந்திருந்தால் அதுதான் பார்க்க நன்றாக இருக்கும், பெரிய டிவியில் டிவிடியைப் போட்டால் முகமெல்லாம் மாவு பூசினது போலத் தெரியும். ப்ளூ-ரே வேறு கதை. அதில் 4கே என்ற மிக நுணுக்கமான வகை டிஸ்க் விநாடிக்கு 128 மெகாபிட் தகவல் வரை தரும், ஓடிடியில் அதே 4கே பெரும்பாலும் 15-லிருந்து 25-க்குள் நின்றுவிடுகிறது. பட்டப்பகல் காட்சியில் இந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் படாது. இருட்டு, புகை, மூடுபனி என்று வரும்போதுதான் படும், ஒரே சீராக மங்க வேண்டிய இருட்டு பட்டை பட்டையாக உடைந்து நிற்கும். ஒலியும் அப்படித்தான், ஆனால் டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்கிற வீட்டில் அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

அப்புறம் எதற்கு வைத்துக்கொள்வது? யாரிடமும் அனுமதி கேட்காமல் பார்க்கலாம் என்பதற்காக. சில வருடங்களுக்கு முன் ஒரு இணையக் கடையில் ஒரு படத்தை, வாடகைக்கு எடுக்காமல், 'வாங்கு' என்ற பொத்தானையே அழுத்தி முழு விலை கொடுத்து எடுத்தேன். ஒருநாள் ராத்திரி தேடினால் காணோம். மெயில் போட்டேன். அந்தப் படத்துக்கான உரிமம் முடிந்துவிட்டது, இப்படி நடக்கலாம் என்று விதிமுறையிலேயே சொல்லியிருக்கிறோம் என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. போய்ப் பார்த்தேன், சொல்லித்தான் இருந்தார்கள்.

இது என் ஒருவன் புலம்பல் அல்ல. 2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷனில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளைக் காசு கொடுத்து வாங்கியவர்களிடம், வருடக் கடைசியோடு அவை உங்கள் கணக்கிலிருந்து போய்விடும் என்று அறிவித்தது. கூச்சல் எழுந்தது, புதிதாக ஒப்பந்தம் போட்டு அந்த முறை தப்பித்தார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது: டிஜிட்டல் சரக்கை விற்கும்போது 'வாங்கு' என்று போட வேண்டுமானால், இது உரிமம் மட்டுமே என்று வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கவனியுங்கள், பறிக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, சொல்லிவிட்டுப் பறி என்கிறது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலே பார்க்கக்கூடிய கோப்புகளுக்கு விலக்கு உண்டு. அப்படிப் பூட்டு (காப்பி எடுக்க விடாத தடை) இல்லாத கோப்பாக ஒரு படமோ பாட்டோ கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், என் கணக்கில் அதுவும் டிஸ்க் மாதிரிதான். ஓடிடி செயலிக்குள் டவுன்லோடு என்று வருகிறதே, அது பெயருக்குத்தான் டவுன்லோடு, அந்தச் செயலியைத் தாண்டி வெளியே வராது, சந்தாவை நிறுத்தினால் அதுவும் போச்சு.

சரி, இருநூறையும் சுமப்பதா? வேண்டாம். ஒருமுறை பார்த்து மறந்த படங்களைக் கொடுத்துவிடுங்கள், அதற்கெல்லாம் ஓடிடி போதும், பிடிக்காத படத்தைப் பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு வேறொன்றுக்குப் போகிற வசதியை நான் குறை சொல்லவே மாட்டேன். இரண்டு மூன்று முறை பார்த்தவை, எந்த ஓடிடியிலும் இன்றைக்கு இல்லாதவை, இயக்குநர் கூடவே பேசிக்கொண்டு வரும் ஒலித்தடம் உள்ளவை, இவற்றை மட்டும் எடுத்து வையுங்கள். ஐம்பது தேறினால் அதிகம். டப்பாக்களையும் விட்டுவிடலாம், அலமாரியை அடைப்பது டப்பாதான், டிஸ்குகளை நல்ல உறையில் போட்டால் ஐம்பதும் ஒரு ஆல்பத்தில் அடங்கிவிடும். ஓடுகிற பிளேயர் இருந்தால் அதை மட்டும் யாருக்கும் தந்துவிடாதீர்கள், சாம்சங் 2019-இலும் எல்ஜி 2024-இலும் ப்ளூ-ரே பிளேயர் தயாரிப்பதை விட்டுவிட்டார்கள்.

டிஸ்க் அழியாது என்றும் நினைக்க வேண்டாம். வார்னர் என்ற ஹாலிவுட் நிறுவனம் 2006 முதல் 2008 வரை வெளியிட்ட டிவிடிகளில் ஒரு பகுதி, கீறல் ஒன்றும் இல்லாமல் அலமாரியில் இருந்தபடியே படிக்க முடியாமல் போய்விட்டது, நிறுவனமே ஒத்துக்கொண்டிருக்கிறது.

உண்மையில் உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது கடைசி இரண்டு வரிதான். கடையில் விற்கிற டிவிடியில் தகவல் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகப் பதிந்த குழிகளாக இருக்கும். வீட்டில் ரைட் செய்த டிவிடியில் குழி கிடையாது, ஒரு சாயப் பூச்சை லேசர் சுட்டு நிறம் மாற்றியிருக்கும், அவ்வளவுதான். சூட்டிலும் வெளிச்சத்திலும் அந்தச் சாயம் வெளுக்கும். என்னிடம் இருந்த ஏழில் இரண்டு படிக்கவே இல்லை, ஒன்று பாதியில் நின்றது. தொலைந்த திரைப்படத்தை வேறு யாரிடமாவது வாங்கிவிடலாம், உங்கள் பிள்ளைகள் தவழ்ந்ததை எந்த ஓடிடி வைத்திருக்கிறது?

ஆகவே முதல் வேலை அதுதான். டிவிடி டிரைவ் உள்ள ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, உள்ளே வீடியோ டிஎஸ் (VIDEO_TS) என்றொரு ஃபோல்டர் இருந்தால் அதை அப்படியே காப்பி செய்யுங்கள், நீங்களே ரைட் செய்த டிஸ்கில் பூட்டு ஏதும் இருக்காது. ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, மகளிடம் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருக்கட்டும். படிக்காத டிஸ்கை உடனே கைவிடாதீர்கள், ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படித்துவிடுவதுண்டு. துடைப்பதென்றால் மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, வட்டமாகத் துடைக்காதீர்கள். இதையெல்லாம் மூட்டை கட்டுவதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள், வீடு மாறிய பிறகு டிரைவ் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.