குசினிக் கேள்விகள்: இரண்டு பேருக்கு ஒரு ஹாம்

கேள்வி: அக்கா, நத்தாருக்குக் கொழும்பிலிருந்து வந்த மகன் ஒரு கிலோ வரும் சின்ன ஹாம் ஒன்றைத் தந்துவிட்டுப் போய்விட்டான். வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். ஓவனும் இல்லை. என்ன செய்யலாம்?
ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: முதலில் அதை இறைச்சி என்று நினைப்பதை விடுங்கள். கருவாடு என்று நினையுங்கள். உப்பில் ஊறிய பன்றித் தொடைதானே அது. கட்டாக் கருவாட்டைத் தட்டு நிறைய அடுக்கிச் சாப்பிடுவோமா? கையளவு போட்டால் ஒரு சட்டி மணக்கும். இதுவும் அப்படித்தான். இரண்டு பேருக்கு ஒரு நேரத்துக்கு 100 கிராம் தாராளம்.

நான் கலியாணம் முடித்த முதல் நத்தாரில் இது தெரியாமல், ஹாம் வெட்டிப் போட்ட சோற்றுக்கு வழக்கம்போல உப்பும் போட்டுவிட்டேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு எழும்பிச் செம்போடு கிணற்றடிக்குப் போனவர், நெடுநேரம் அங்கேயே நின்றார். அதற்குப் பிறகு ஒரு துண்டு கடித்துப் பார்க்காமல் நான் அடுப்பு மூட்டுவதில்லை. கரித்தால் துண்டுகளை அரை மணித்தியாலம் பச்சைத் தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் அதிகம் செய்வது இடியப்பப் பிரட்டல். இரவு மிஞ்சிய இடியப்பத்தை உதிர்த்து வையுங்கள். ஹாமைக் கடலை அளவுக்கு வெட்டி, கொழுப்புத் துண்டுகளை மட்டும் முதலில் வெறும் தாச்சியில் போடுங்கள். எண்ணெய் வேண்டாம். சிறு தீயில் கொழுப்பு மெல்லக் கண்ணாடிபோல் ஆகி உருகும். ஓரம் சுருண்டு சிவந்ததும் மற்றத் துண்டுகள், வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மெல்லிதாக அரிந்த கோவா, லீக்ஸ். கோவா குழையக் கூடாது, கடிபட வேண்டும். இடியப்பத்தைக் கொட்டி இரண்டு பிரட்டு, மிளகுத்தூள், இறக்கியபின் தேசிக்காய்ப் புளி. உப்புப் போத்தலைத் தொடவே வேண்டாம்.

எலும்பிருந்தால் எறிந்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால் ஹாமில் ருசியே அதுதான். தனியாக அரை மணித்தியாலம் அவித்து, அந்தத் தண்ணீரிலேயே ஒரு கப் மைசூர்ப் பருப்பு, மஞ்சள், நாலு பல் உள்ளி, ரம்பைத் துண்டு. பருப்பு மசிந்ததும் கட்டிப் பால் விட்டு ஒரு கொதி. ரோஸ் பாணோடு சாப்பிடுங்கள். பக்கத்தில் தேங்காய்ச் சம்பல் வைத்தால் மாசி போடாமல் இடியுங்கள், உப்புக்கு மேல் உப்பாகிவிடும்.

கேள்வி: வெட்டினால் உள்ளே ரோஸ் நிறமாக இருக்கிறது. வேகவில்லையா? எத்தனை நாள் வைக்கலாம்?
பாலையூற்று வாசகர்

பதில்: பதப்படுத்தச் சேர்க்கும் நைட்ரைட் உப்பால் வருகிற நிறம் அது. எவ்வளவு அவித்தாலும் போகாது. ஆனால் பொதியில் சமைத்தது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நன்றாக அவித்தே சாப்பிட வேண்டும். வெட்டிய ஹாம் பிரிட்ஜில் மூன்று நாலு நாள் நிற்கும். மிச்சத்தை ஒருநேரப் பொட்டலங்களாகக் கட்டி பிரீசரில் வைத்தால் ஒரு மாதத்துக்குப் பயமில்லை. மாரியில் கரண்ட் போனால் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் பிரிட்ஜ் நாலு மணித்தியாலம் தாங்கும். அதற்கு மேல் போனால், மனம் வராதுதான், வீசிவிடுங்கள். மணந்து பார்த்து முடிவெடுக்கிற விஷயமல்ல இது.

கேள்வி: நாங்கள் பன்றி சேர்ப்பதில்லை. போன மாதம் நீங்கள் பேச்சுவாக்கில் சொன்ன இடியப்பப் பிரட்டலை வேறு எதில் செய்யலாம்?
கிண்ணியா வாசகி

பதில்: நெத்தலிக் கருவாடு. தலை கிள்ளி, கழுவி, ஒரு கரண்டி எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்துத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் சேருங்கள். முன்னரே போட்டால் நமுத்துவிடும்.