ஆஸ்திரேலியா போகிறீர்களா? காட்டுயிர் பற்றிக் கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள தீவு மாநிலமான தாஸ்மேனியாவில் காட்டுயிர் மீட்புத் தொண்டராக இருக்கிறேன். பயணம் கிளம்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அக்கா, டிசம்பரில் தாஸ்மேனியா வருகிறோம். வொம்பாட் எங்கே பார்க்கலாம்?

வளை தோண்டி வாழும் இந்தக் கட்டைக்கால் பிராணியைப் பார்க்க, கிரேடில் மவுண்டனில் ரானி க்ரீக் மரப்பாதை. பொழுது சாயும்போது மேய வரும். டிசம்பரில் இருட்ட ஒன்பது மணி ஆகிவிடும், அதனால் சாப்பிட்டுவிட்டே போகலாம். பேசாமல் நின்றால் புல்லைக் கடிக்கும் சத்தம்கூடக் கேட்கும். குட்டியைச் சுமக்கும் அதன் வயிற்றுப் பை பின்பக்கமாகத் திறக்கும். வளை தோண்டும்போது குட்டிமேல் மண் விழாது. கல்மேல் சதுரக் கட்டிகளாகப் புழுக்கை கிடந்தால், அது வொம்பாட் போட்டதேதான்.

வாடகைக் காரில் சுற்றப்போகிறோம். கங்காரு குறுக்கே வருமா?

வரும். பொழுது சாய்ந்தபின் வண்டி எடுக்காமல் இருப்பதே நல்லது. எடுத்தே ஆகவேண்டுமென்றால் தாஸ்மேனியாவில் 65 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள். ஒன்று தாண்டினால் பின்னாலேயே இன்னொன்று வரும். ஸ்டியரிங்கை ஒடிக்காமல் பிரேக்கை அழுத்துங்கள்.

அடிபட்டுக் கிடந்தால், ஓரமாக நிறுத்திவிட்டு அதன் வயிற்றுப் பையைப் பாருங்கள், தயவுசெய்து. ஒருநாள் விடியற்காலையில் பேடமெலன் ஒன்று, கங்காருவின் குட்டை உறவினம், சாலையோரம் விறைத்துக் கிடந்தது. பைக்குள் விரல் விட்டேன், உள்ளே இளஞ்சூடு. முடிகூட முளைக்காத குட்டி, செத்த தாயின் காம்பைக் கவ்வியபடி இருந்தது. காம்பு வாய்க்குள் உப்பியிருக்கும், பிடித்து இழுத்தால் வாய் கிழிந்துவிடும். தாயோடு சேர்த்தே துண்டில் சுற்றி எடுத்துப்போனேன். மாட்டுப்பால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அதற்குச் சேராது. போகிற மாநிலத்தின் காட்டுயிர் மீட்பு எண்ணை முதல்நாளே போனில் சேமித்துவிடுங்கள்.

கோவாலாவைத் தூக்கிவைத்துப் படம் எடுக்க என் மகளுக்கு ஆசை.

நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் அதற்கு அனுமதி கிடையாது. அனுமதிக்கும் இடத்திலும் வேண்டாம் என்பேன். சத்தில்லாத யூகலிப்டஸ் இலையைத் தின்று, நாளில் பெரும்பகுதி தூங்கியே உயிர் வாழ்கிற பிராணி அது. விக்டோரியாவின் கிரேட் ஓஷன் ரோட்டில் கென்னட் ரிவர் பக்கம் மரக்கவைகளை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.

குவீன்ஸ்லாந்தின் மிஷன் பீச்சில் கேசவரி எதிரே வந்தால்?

பறக்காத, ஆளுயரப் பறவை அது. ஓடாதீர்கள். முகத்தைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். தோள்பையை முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் உள்விரல் நகம் 12 செ.மீ. வரை வளரும். குஞ்சுகளோடு வருவது அப்பா, அடைகாத்ததும் அவரே. பழத்துண்டு போடாதீர்கள். போட்டுப் பழக்கினால் அது சாலைக்கு வரும், காரில் அடிபடும்.

அக்டோபரில் சிட்னி. மேக்பை தலையில் கொத்துமாமே?

கூடு கட்டும் காலம் அது. கூட்டைக் காக்கும் ஆண் பறவைதான் பாயும். குடையை விரித்துக்கொண்டு நடங்கள், அல்லது அடுத்த தெரு வழியாகப் போங்கள். குஞ்சு பறந்ததும் அது அடங்கிவிடும்.