நிகாப்: மாமி ஒன்று சொல்கிறார், உம்மா ஒன்று சொல்கிறார்

அன்புள்ள ஆலோசகருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வயது 26. கல்யாணமாகி எட்டு மாதம். உம்மா வீட்டில் பர்தா, மக்கனா போடுவோம். முகத்தை மூடிப் பழக்கமில்லை. இங்கே மாமியும் மதினியும் நிகாப் போடுகிறார்கள். "முகத்தைத் திறந்துபோட்டுப் போவது ஹராம், அந்தப் பாவம் உன் புருஷனையும் சேரும்" என்கிறார் மாமி. "அப்படிக் கட்டாயமே கிடையாது" என்கிறார் உம்மா. ஆளுக்கொரு மார்க்கப் பயான் வீடியோ வேறு அனுப்புகிறார்கள். கணவர் வாயே திறப்பதில்லை. நிகாபைக் கட்டினால் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது. கட்டாமல் போனால் பாவமோ என்று இரவெல்லாம் தூக்கமில்லை. எது சரி?

— பெயர் வேண்டாம்

வஅலைக்குமுஸ்ஸலாம், சகோதரி.

இரண்டு பேருமே இல்லாததைச் சொல்லவில்லை. 'வேறு கருத்தே கிடையாது' என்கிற இடத்தில்தான் இருவரும் சறுக்குகிறார்கள். "வெளியே தெரிவதைத் தவிர" அலங்காரத்தைக் காட்ட வேண்டாம் என்கிறது குர்ஆன் (24:31). வெளியே தெரிவது எது? மேலாடை என்றார் நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி). முகமும் மணிக்கட்டு வரையிலான கைகளும் என்ற விளக்கம் இன்னொரு தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வருகிறது. ஆக, பிரச்சினை உங்கள் வீட்டில் தொடங்கியதல்ல.

ஒரு ஹதீஸை (நபிமொழியை) பாருங்கள். நபிகளாரின் இறுதி ஹஜ்ஜில் கஸ்அம் கோத்திரப் பெண் ஒருவர் கேள்வி கேட்க வருகிறார். நபிகளாரோடு இருந்த தோழர் ஃபழ்ல் (ரலி) அவரையே பார்க்க, நபிகளார் ஃபழ்லின் முகத்தைத்தான் திருப்பிவிடுகிறார்கள். 'அந்தப் பெண்ணை மூடச் சொல்லவில்லையே' என்பது ஒரு தரப்பு. 'இஹ்ராமில், அதாவது ஹஜ்ஜின் கட்டுப்பாட்டு நிலையில், நிகாப் கூடாதே, அதனால்தான்' என்பது மறு தரப்பு. 'இஹ்ராமிலும் துணியை முகத்தில் தொங்கவிடலாமே' என்று முதல் தரப்பு திரும்பக் கேட்கும்.

வீடியோக்கள் குழப்புவதற்கு இன்னொரு காரணம்: தொழுகையில் எதை மூடுவது என்பது ஒரு சட்டம், அந்நிய ஆண் பார்ப்பது வேறு சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) முன்னதில் முகம் அவ்ரத், அதாவது மூட வேண்டிய பகுதி, அல்ல. பின்னதிலோ, ஆசை எழும் அச்சம் இல்லாவிட்டாலும் ஆண் அந்த முகத்தைப் பார்ப்பது ஹராம் என்கிறது இமாம் நவவியின் சட்டநூலான மின்ஹாஜ். அதே நவவி, ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் நூலுக்கான விரிவுரையில், வழியில் முகத்தை மூடுவது பெண்ணுக்குக் கட்டாயமல்ல, ஆண்தான் பார்வையைத் தாழ்த்த வேண்டும் என்ற, முந்தைய அறிஞர் காழி இயாழின் கூற்றையும் எடுத்தெழுதுகிறார். நம் காலத்து அறிஞர்களில் இப்னு பாஸ் கட்டாயம் என்றார். அல்பானி சிறப்பு, ஆனால் கட்டாயமல்ல என்று தனி நூலே எழுதினார். இப்படிக் கருத்து வேறுபாடுள்ள சட்டத்தில், ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சொன்ன ஒரு கருத்தை நேர்மையாகப் பின்பற்றுபவரைப் பாவி என்பதில்லை. இரவில் அச்சம் வரும்போது நினைக்க வேண்டியது இதைத்தான்.

இனி அந்தப் படபடப்பு. இரண்டு வாரம் ஒரு நோட்டில் மூன்று விஷயம் குறியுங்கள்: எப்போது வந்தது, முகத்தில் துணி இருந்ததா, யார் பக்கத்தில் இருந்தார்கள். தனியே அறையில் கட்டிப் பார்க்கும்போது வராமல், மாமி வாசலில் நிற்கும்போது மட்டும் வந்தால் காரணம் துணியல்ல. தனியேயும் முட்டினால் துணியைப் பாருங்கள்: மூக்கோடு ஒட்டும் பாலியெஸ்டரும், பின்னால் இறுக்கிய முடிச்சும் யாருக்கும் மூச்சைத் திணறடிக்கும். மாடிப்படி ஏறினாலும் வருகிறதென்றால் முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு பரிசோதனை. வரும் நேரத்தில் நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், பத்து முறை.

கணவரிடம் பேச, வெளியே கிளம்பும் நேரம் வேண்டாம். இரவு இஷா தொழுகைக்குப் பிறகு, இருவரும் மட்டும் இருக்கும்போது. 'உங்கம்மா இப்படி' என்று ஆரம்பித்தால் அவர் இன்னும் மௌனமாவார். "நீங்கள் எந்தக் கருத்தைச் சரி என்று நினைக்கிறீர்கள்? எனக்கு அது தெரிய வேண்டும்" என்று கேளுங்கள். அவருக்கே தெளிவில்லை என்றால் மத்ஹபு நூல் படித்த ஆலிமிடம் இருவருமாகப் போங்கள். கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள், உங்கள் மூச்சுத் திணறலையும் சேர்த்து. நிகாப் போடுவதோ விடுவதோ, முடிவானதை மாமியிடம் கணவரே வாய்திறந்து சொல்லட்டும். நீங்கள் சொன்னால் அது மருமகளின் எதிர்ப்பேச்சாகத்தான் காதில் விழும்.