வீட்டு வளவில் நிற்கும் மேப்பிள் மரங்களில் பாகு காய்ச்சச் சாறு எடுக்க ஆசை. எந்த மரத்தைத் தெரிவு செய்வது?

கனடாவில் இருக்கிறீர்கள், நாலைந்து மரம் நிற்கிறது, வரும் மாசியில் துளை போட நினைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அடிமரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அண்ணாந்து பாருங்கள்.

ஒன்ராறியோவில் வீடு வாங்கிய முதல் வருடம், வீதியோரம் நின்ற சுகர் மேப்பிளில், அதாவது சாற்றில் இனிப்புக் கூடிய மேப்பிள் வகையில்தான் நான் கை வைத்தேன். கட்டிப்பிடித்தால் கைக்குள் அடங்காத மரம். வாளி வாளியாகத் தரும் என்று நம்பினேன். ட்ரில்லை வெளியே இழுத்தபோது காப்பித்தூள் நிறத்தில் ஈரத்தூள் வந்தது. நல்ல மரமென்றால் தூள் துருவிய தேங்காய்ப்பூ மாதிரி வெளுப்பாக இருக்கும். கபில நிறமென்றால் அந்த இடம் உள்ளே செத்துவிட்டது. மூன்று நாளில் அரைப் போத்தல்கூட வரவில்லை. இலை விட்ட பிறகுதான் கண்டேன், உச்சியில் மூன்று பெரிய கொப்புகள் பட்டுப்போயிருந்தன. அடியில் பின்பக்கமாகக் காளான்.

பனிக்காலத்தில் பட்ட கொப்பும் உயிர்க்கொப்பும் புதியவர் கண்ணுக்கு ஒன்றுதான். ஆகவே கோடையிலேயே மரத்தைப் பார்த்து ஒரு நாடா கட்டிவிடுங்கள். தலை அகலமாக விரிந்து, வெயில் படுகிற மரம் நல்லது. இலைக்காம்பை முறித்தால் பால் வருகிறதா? அது நோர்வே மேப்பிள், சுகர் மேப்பிள் அல்ல. நெஞ்சு உயரத்தில் 25 செ.மீ. விட்டமாவது வேண்டும். 30 வேண்டும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் மறுக்கவில்லை, சந்தேகமென்றால் பொறுங்கள்.

அந்த மரம் கெட்டதற்கு உப்பும் காரணம் என்பது என் எண்ணம். சுகர் மேப்பிளுக்கு உப்பு ஆகாது. பனி தள்ள நாங்கள் பிடித்த ஆள், ஐஸ் கரையட்டும் என்று உப்பை அள்ளிக் கொட்டிவிட்டுப் போவார்.

அடுத்த வருடம் பின்வளவில் இருந்த நடுத்தர மரத்தில் ஒரே ஒரு துளை போட்டேன். இரவில் உறைந்து பகலில் இளகிய நாட்களில் நிற்காமல் சொட்டியது. அந்தப் பருவத்தில் கிட்டத்தட்ட 40 லீற்றர். காய்ச்சி எடுத்தால் ஒரு லீற்றர் பாகு.

துளை போட்டால் மரம் செத்துவிடும் என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: நலமான மரம் ஓரிரு வருடத்தில் துளையை மூடிக்கொள்ளும். பின்வளவு மரத்தின் முதல் துளையை இப்போது விரலால் தடவித்தான் தேட வேண்டும். வீதியோர மரத்தின் துளை இன்னும் வாய் திறந்தபடியே இருக்கிறது. அதில் நான் மறுபடி கை வைக்கவில்லை.