கடல்பாசியும் கோடைப் பழங்களும்: கேள்வி பதில்

அடுப்பில் பழத்தைக் காட்டாமல், ஓவனும் இல்லாமல், குளிரக் குளிரச் சாப்பிட ஏதாவது இனிப்பு சொல்லுங்கள் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். என் பதில் எப்போதும் கடல்பாசிதான். சிலர் சைனா கிராஸ் என்பீர்கள், சிலர் அகர் அகர் என்பீர்கள். மூன்றும் ஒன்றே. நான் பிறந்து வளர்ந்தது கீழக்கரை. நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சிக்குப் பக்கத்தில் ரோஸ் நிறக் கடல்பாசித் துண்டு இருந்தே ஆக வேண்டும் எங்களுக்கு. இப்போது சென்னையில் விசேஷங்களுக்கு ஆர்டர் எடுத்துச் செய்து தருகிறேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சூடு பற்றியவை என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

அக்கா, மாம்பழக் கடல்பாசிக்கு ஆளாளுக்கு ஓர் அளவு சொல்கிறார்கள். நீங்கள் வீட்டில் செய்யும் அளவு என்ன? (தஞ்சாவூர் வாசகி)

10 கிராம் கடல்பாசி, 400 மில்லி தண்ணீர், அரை லிட்டர் பால், 100 கிராம் சர்க்கரை, மிக்சியில் அரைத்து வடிகட்டிய மாம்பழ விழுது 300 மில்லி. எட்டுப் பேர் சாப்பிடலாம்.

கடல்பாசியைக் கத்தரியால் சின்னதாக வெட்டி, அந்த 400 மில்லி தண்ணீரிலேயே அரை மணி நேரம் ஊற விடுங்கள். பிறகு அதே தண்ணீரோடு அடுப்பில் வைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே இருங்கள். ஓர் இழைகூடக் கண்ணில் படக் கூடாது. கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வழிய வேண்டும். அதற்குப் பிறகுதான் சர்க்கரை. முதலிலேயே சர்க்கரையைக் கொட்டினால் பாசி கரைய நேரமாகும். பாலைத் தனியாகக் காய்ச்சி, சூடாக இருக்கும்போதே இதில் ஊற்றிக் கலந்து, இரண்டையும் சேர்த்து ஒரு முறை வடிகட்டி இறக்குங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மாம்பழ விழுது. கலந்து தட்டில் ஊற்றி, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம்.

தட்டை ஆட்டினால் கடல்பாசி மெல்ல நடுங்க வேண்டும். கடைகளில் சில சமயம் கிடைப்பதுபோல் பல்லுக்கு எதிராக நிற்கிற ரப்பர் பதம் எனக்குப் பிடிக்காது. பழத்தின் ருசியை அது வெளியே விடாது. முதல் தடவை செய்கிறவர்கள், விழுது சேர்க்கும் முன் ஒரு தேக்கரண்டி கலவையைக் குளிர்ந்த எவர்சில்வர் தட்டில் விட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். விழுது சேர்ந்தால் இன்னும் இளகும் என்பதால், அந்தச் சொட்டு கொஞ்சம் கெட்டியாகவே இருக்க வேண்டும். தூளாக வாங்கினால் கம்பெனிக்குக் கம்பெனி பலம் மாறும். பாக்கெட்டில் உள்ள அளவைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தட்டுச் சோதனையையும் செய்துவிடுங்கள்.

அதே மாம்பழக் கடல்பாசிதான். ஆனால் எனக்குக் குட்டிக் குட்டிக் கட்டியாக, திரிந்த பால் மாதிரி வந்தது. மாம்பழ விழுதை முந்தின நாளே அரைத்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். (மதுரை வாசகி)

காரணத்தை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள், தங்கச்சி. கடல்பாசி 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே உறையத் தொடங்கிவிடும். நம் ஊர்ச் சமையலறையில் மே மாதப் பிற்பகலில் இருக்கும் சூடே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால்தான் ஃபிரிட்ஜ் இல்லாத காலத்திலும் எங்கள் பாட்டிமார் இதைத் தட்டில் ஊற்றி வெளியே வைத்தே உறைய வைத்தார்கள். சூடான பாலில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த விழுதை ஊற்றினால், விழுது பட்ட இடமெல்லாம் அந்தக் கணமே உறைந்து துகளாகிவிடும். பிறகு எவ்வளவு கிளறினாலும் சேராது.

விழுதை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். அவசரமென்றால் விழுதுப் பாத்திரத்தை வெந்நீரில் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருக்கும்போது கலந்தால் பட்டுப்போல வரும். அதற்காகக் கொதிக்கிற பாலிலும் ஊற்றிவிடாதீர்கள். லேசாகப் புளிக்கும் பழமாக இருந்தால் பால் நிஜமாகவே திரிந்துவிடும், மாம்பழ மணமும் ஆவியோடு போய்விடும்.

ஒரு நல்ல செய்தி: பால் சேர்க்காத, புளிப்பில்லாத வெறும் பழச்சாற்றுக் கடல்பாசி இப்படிக் கட்டி தட்டினால் வீணில்லை. மறுபடி அடுப்பில் வைத்து உருக்கி ஊற்றலாம். 85 டிகிரிக்கு மேல் போனால் மறுபடி கரையும். மாம்பழமும் பாலும் கலந்ததை மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம். கண்ணாடிக் கோப்பையில் போட்டு, மேலே நறுக்கிய பழம் போட்டுக் கரண்டியால் சாப்பிட்டுவிடுங்கள்.

லாத்தா, எலுமிச்சை போட்டுச் செய்தது உறையவே இல்லை. பாசி பழையதாக இருக்குமோ? (காயல்பட்டினம் வாசகி)

பாசியின் மேல் குற்றமில்லை. காய்ந்த கடல்பாசி ஈரம் படாமல் இருந்தால் வருடக்கணக்கில் கெடாது. எலுமிச்சைச் சாற்றைப் பாசியோடு சேர்த்துக் கொதிக்க வைத்திருப்பீர்கள். புளிப்பும் கொதியும் சேர்ந்தால் பாசியின் பிடிப்பு உடைந்துவிடும். அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறிய பிறகு சாற்றைச் சேருங்கள். ஆரஞ்சு, அன்னாசி, புளிப்பு திராட்சை எல்லாவற்றுக்கும் இதே முறை. ரொம்பப் புளிப்பென்றால் பாசியைக் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

பப்பாளியும் பாலும் சேர்த்துச் செய்து, காலையில் எடுத்தால் ஒரே கசப்பு. பழம் நன்றாகத்தான் இனித்தது. (கோவை வாசகர்)

பப்பாளியில் பப்பைன், அன்னாசியில் புரோமிலைன் என்று புரதத்தைச் சிதைக்கிற பொருள் இருக்கிறது, தம்பி. பாலிலுள்ள புரதத்தை அது மெல்ல உடைக்கும்போதுதான் அந்தக் கசப்பு. உடனே குடிக்கிற மில்க் ஷேக்கில் அவ்வளவாகத் தெரியாது. இரவு முழுக்க வைத்தால் தெரியும். அன்னாசியைச் சர்க்கரையோடு நாலைந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆற வைத்துச் சேர்த்தால் அந்தப் பொருள் செயலிழந்துவிடும். பப்பாளிக்குப் பால் வேண்டாம், தண்ணீரும் சர்க்கரையும் போதும். அணைத்த பிறகு சில சொட்டு எலுமிச்சை விட்டால் அதன் மணமும் சரியாகும்.

அடுத்த மே மாதம் மாமல்லபுரத்தில் திறந்தவெளியில் வரவேற்பு. ஜெலட்டின் புட்டிங் வைக்கலாம் என்கிறார் கேட்டரிங்காரர். மேசையில் உருகாமல் நிற்குமா? (சென்னை வாசகி)

ஜெலட்டின் நிற்காது, அம்மா. அது 35 டிகிரியிலேயே இளகிவிடும். வாயில் வைத்ததும் கரைவது அதனால்தான். ஏசி அறையில் அது அழகு, மே மாத மாலையில் மேசை மேல் குளமாகிவிடும். கடல்பாசி வெயிலில் சூடேறினாலும் உருவம் குலையாது. இன்னொன்று, ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. விருந்தில் சைவம் சாப்பிடுகிறவர்களும் ஹலால் பார்க்கிறவர்களும் இருப்பார்கள். கடல்பாசி என்றால் யாருக்கும் தயக்கமில்லை.

இந்த உருகாத குணத்தைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதை இருக்கிறது. ஜெர்மனியில் கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வால்ட்டர் ஹெஸ் என்ற மருத்துவர் கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்த்துப் பார்த்தார். வெயில் ஏறினால் ஜெலட்டின் உருகி எல்லாம் பாழாகிவிடும். வீட்டில் நீ செய்கிற ஜாமும் புட்டிங்கும் மட்டும் வெயிலில் எப்படி நிற்கின்றன என்று மனைவி ஃபேன்னியிடம் கேட்டார். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த ஒரு டச்சுப் பக்கத்து வீட்டாரிடமிருந்து, சின்ன வயதில் அமெரிக்காவில் இருந்தபோதே அகர் அகரை அறிந்தவர் அந்த அம்மா. அதையே ஆய்வகத்துக்குச் சொன்னார். 1882-ல் காசநோய்க் கிருமியைப் பற்றி கோக் எழுதிய கட்டுரையில் அகர் வந்துவிட்டது, ஃபேன்னியின் பெயர் வரவில்லை. இன்றைக்கும் ஆய்வகங்களில் கிருமி வளர்ப்பது இந்தப் பாசியில்தான். ஒரு சமையலறையிலிருந்து போன அறிவு அது. அதனால்தான் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

இளநீர் புட்டிங் கல்யாண வீட்டில் சாப்பிட்டேன். வீட்டில் செய்தால் இளநீர் ருசியே தெரியவில்லை. (திருச்சி வாசகி)

இளநீரைக் கொதிக்க வைத்திருப்பீர்கள். அதன் மென்மையான இனிப்பும் மணமும் கொதியில் போய்விடும். முக்கால் லிட்டர் இளநீருக்கு 9 கிராம் பாசி. கால் லிட்டர் சாதாரணத் தண்ணீரில் பாசியை ஊற வைத்துக் கரைத்து, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை சேர்த்து இறக்குங்கள். இளநீரை ஒரு பாத்திரத்தில் கை பொறுக்கும் சூடு வரும் வரை மட்டும் காட்டி, அதில் பாசிக் கரைசலை மெல்லிய தாரையாக ஊற்றிக் கலக்குங்கள். வழுக்கையைக் கீற்றாக நறுக்கித் தட்டில் பரப்பி மேலே ஊற்றுங்கள்.

மேலே வெள்ளைப் படலம் வேண்டுமென்றால் இன்னொரு சிறிய பங்கு பாசியைக் கரைத்து, கெட்டித் தேங்காய்ப்பாலும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து ஊற்ற வேண்டும். இங்கேதான் பலருக்கும் தவறுகிறது. கீழ் அடுக்கு முழுக்கக் குளிர்ந்து உறைந்த பின் ஊற்றினால் இரண்டும் ஒட்டாது, வெட்டும்போது மேல் அடுக்கு தனியாக வழுக்கிக்கொண்டு வரும். விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிற நேரத்தில், மேல் அடுக்கைச் சூடாகவே, கரண்டியின் முதுகில் விழும்படி ஊற்றுங்கள். முதல் தடவை நான் அவசரப்பட்டு வேகமாக ஊற்றியதில் கீழ் அடுக்கில் குழி விழுந்தது. அன்றிலிருந்து கரண்டியை விட்டதில்லை.

அப்புறம் இளநீரை வாங்கிய அன்றே செய்யுங்கள். சீவி வைத்து மறுநாள் செய்தால் ஒரு புளிப்பு வந்துவிடும்.

எந்த மாம்பழம் நல்லது? (சேலம் வாசகர்)

சேலத்துக்காரர் கேட்டால் பயந்துதான் பதில் சொல்ல வேண்டும்! பங்கனப்பள்ளிக்கு நார் கிடையாது, எங்கும் கிடைக்கும், விலையும் கட்டுப்படியாகும். நான் பெரும்பாலும் அதைத்தான் வாங்குகிறேன். நிறம் வேண்டுமென்றால் அதில் கால் பங்கு அல்போன்சா. சீசன் முடியும் நேரத்தில் நீலம், மணம் நன்றாக இருக்கும். இமாம் பசந்தையும் மல்கோவாவையும் தயவுசெய்து அரைக்காதீர்கள். அவை வெட்டி அப்படியே சாப்பிட வேண்டியவை. நார் உள்ள பழமாக இருந்தால் வடிகட்டியே ஆக வேண்டும். டின்னில் வரும் கூழில் பெரும்பாலும் சர்க்கரை சேர்ந்தே இருக்கும், லேபிளைப் பார்த்து உங்கள் சர்க்கரையைக் குறையுங்கள்.

கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. தோல் ஒரே சீராக மஞ்சளாக இருந்து, மணமே இல்லாமல், உள்ளே வெள்ளையாக இருந்தால் அந்தப் பழத்தை விட்டுவிடுங்கள். காயாக வாங்கி வைக்கோலிலோ அரிசி டிரம்மிலோ நாலு நாள் வைத்தால் காம்புப் பக்கம் மணம் வரும்.

நுங்கைக் கடல்பாசியில் போடலாமா? (தூத்துக்குடி வாசகி)

போடலாம், ஆனால் நான் போடுவதில்லை. நுங்கே இயற்கை உறைய வைத்துத் தந்த இனிப்பு. தோல் உரித்து, நறுக்கி, குளிர்ந்த பாலில் கொஞ்சம் நன்னாரி சர்பத்தோடு கலந்து, ஊறிய சப்ஜா விதை ஒரு கரண்டி போட்டுக் குடியுங்கள்.

டப்பாவில் வைத்தால் மறுநாள் தண்ணீர் விடுகிறது. ஃபிரீசரில் வைக்கலாமா? (பெங்களூர் வாசகி)

ஃபிரீசரில் வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் ஸ்பாஞ்சு போல ஓட்டை விழுந்து தண்ணீர் தனியாக ஓடும். சாதாரணக் குளிரிலும் கடல்பாசி கொஞ்சம் தண்ணீர் விடத்தான் செய்யும், அது கெட்டதற்கு அடையாளமில்லை. வடித்துவிட்டுச் சாப்பிடலாம். தட்டிலேயே மூடி வைத்து, வேண்டும்போது மட்டும் வெட்டினால் குறைவாக விடும். பாலும் பழமும் சேர்ந்தது இரண்டு நாள், வெறும் பழச்சாறு மூன்று நாள். அதற்கு மேல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்குக் கொடுக்கலாமா? ஒன்றரை வயதுப் பேரனுக்கு? (நெல்லை வாசகி)

பாசி பெரும்பாலும் நார்ச்சத்துதான். ஆனால் சேர்க்கிற சர்க்கரையை விட்டாலும் மாம்பழத்தின் இனிப்பு அதில் அப்படியே இருக்கும். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேரனுக்குத் துண்டாகத் தர வேண்டாம். வழுக்கிக்கொண்டு தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். மிக இளக்கமாகச் செய்து, கரண்டியால் நன்றாக மசித்து, உட்கார வைத்து, பக்கத்திலேயே இருந்து ஊட்டுங்கள்.

இந்தப் பாசி எங்கிருந்து வருகிறது? சீனாவிலிருந்தா? (ஈரோடு மாணவி)

பெயரைப் பார்த்துப் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக் கடலிலேயே விளைகிறது, கண்ணு. மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து பாசி எடுப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று அவர்கள் சொல்கிற இரண்டிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். பாறை கையைக் கிழிக்கும், அதற்குத்தான் துணி. கரையில் காய வைத்த பாசியின் வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கடையில் வாங்கும் கடல்பாசியில் அந்த வாசனை லேசாக இருந்தால் பயப்படாதீர்கள். ஊற வைக்கும் முன் இரண்டு முறை அலசினால் போதும்.