படிக்கப் போகிற இடத்தில் அரசியல் எதற்கு?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, செப்டம்பரில் எம்.ஏ. படிக்க இங்கிலாந்து வருகிறேன். ஃபேஸ்புக்கில் கட்சி, போராட்டம் என்று நிறைய எழுதி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு வரவா? இல்லை, புனைபெயரில் எழுதினால் போதுமா? படிக்கப் போகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு இரு என்கிறார் மாமா."

மாமா சொல்வதில் பாதியைக் கேளுங்கள், போதும். அதிலும் நம் மாவட்டத்துக்காரர் இப்படிச் சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழகத்தோடு சேரும் போராட்டம் துப்பாக்கிச் சூடு வரை போய், 1956 நவம்பர் 1-ல்தான் நம் நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அன்றைக்கு எல்லாரும் வாயை மூடியிருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியை எனக்கு மலையாளத்தில் எழுதியிருப்பீர்கள்.

நான் தக்கலைக்காரி. 2014-ல் ஆராய்ச்சிப் படிப்புக்கு யார்க்‌ஷயர் வந்தேன், அப்படியே தங்கிவிட்டேன். எழுதியதற்காக எனக்குத் தொல்லை வந்தது இங்குள்ள அரசாங்கத்திடமிருந்து இல்லை, ஊரிலிருந்துதான். அதுவும் என் தப்பால்.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி என்று ஒவ்வொரு ஊராகச் செய்தி வந்துகொண்டிருந்தது. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. நான் இங்கே ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ராத்திரி முழுக்க எழுதினேன். எச்சரிக்கை ஏன் நேரத்தோடு போய்ச் சேரவில்லை, தேடுவதற்கு ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டதெல்லாம் இப்போதும் சரிதான். ஆனால் ஒரு பதிவில், நிவாரணச் சாமானை ஒருவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று வாட்ஸாப்பில் வந்ததை, பேரோடு அப்படியே போட்டுவிட்டேன். அது பொய். வேறு இடம் கிடைக்காமல் அவர் வீட்டைத்தான் கிட்டங்கி மாதிரி வைத்திருந்திருக்கிறார்கள். இத்தனைக்கும் நான் கடற்கரை ஆளே இல்லை. நான் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் நாலு குரூப் சுற்றி, அப்பா சாயா குடிக்கிற கடைக்கே வந்துவிட்டது. அப்பா பஸ் ஏறிப் போய் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டார். நான் கேட்க வேண்டிய மன்னிப்பு அது. நான் ஊருக்குப் போய்க் கேட்க ஒன்றரை வருடம் ஆனது.

அப்புறம் புனைபெயரையும் பார்த்துவிட்டேன். ஆண் பேர், மதுரைக்காரர் என்று ஒரு வேஷம். இரண்டே வாரத்தில் கூடப் படித்தவள் மெசேஜ் அனுப்பினாள்: "ஏ பிள்ளே, நீதானே இது?" பேச்சுவாக்கில் மரச்சீனி என்றும் சக்கை என்றும் எழுதியிருக்கிறேன். மதுரைக்காரர் மரவள்ளிக்கிழங்கு, பலாப்பழம் என்றல்லவா சொல்வார்! நாளைக்கு வேலைக்கு எடுப்பவர் உங்கள் பேரைத் தேடினால் கிடைக்காமல் இருக்க வேண்டுமானால் புனைபெயர் உதவும். நம்ம ஊர்க்காரர்களிடமிருந்து ஒளிய உதவாது. நம் ஆட்கள் இரண்டு கேள்வியில் ஊர், கோயிலா சர்ச்சா, எந்தத் தெரு என்பதுவரை வந்துவிடுவார்கள்.

எனவே மொத்தமாக அழிக்க வேண்டாம். யார் மேலாவது கேள்விப்பட்டதை வைத்து எழுதியதை மட்டும் தேடி எடுங்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். புலிக்கொடி உள்ள படங்கள் முகப்புப் படமாக இருந்தால், விமானம் ஏறுவதற்கு முன்பே மாற்றுங்கள். ஊரில் பேனரிலேயே பார்த்துப் பழகியதால் நமக்கு உறைக்காது. விடுதலைப் புலிகள் இயக்கம் இங்கே 2001 முதல் தடை செய்யப்பட்டது. அதன் கொடியைப் பொதுவில் காட்டுவதே பயங்கரவாதச் சட்டப்படி குற்றமாகலாம். ஈழத்தமிழர் வீடுகளில் உங்களை அன்பாகக் கூப்பிடுவார்கள், போங்கள். ஆனால் அவர்கள் பட்ட போரைப் பற்றி அவர்களுக்கே பாடம் எடுக்காதீர்கள். வந்த புதிதில் நான் எடுத்தேன். ஒரு அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி பிள்ளை, சாப்பிடுங்கோ" என்றார். அதற்குமேல் என்ன பேச?

மற்றபடி, மாணவர் விசாவில் இருப்பவர் கட்சியில் சேரக்கூடாது, ஊர்வலம் போகக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. கைது, வழக்கு என்று போனால் விசாவைப் பாதிக்கும். மாமாவின் பயத்தில் நியாயமான பாதி அதுதான்.

இங்கே எம்.பி.யையும் கவுன்சிலரையும் மக்கள் நேரில் பார்க்கிற நேரத்துக்கு 'சர்ஜரி' என்று பேர். முதலில் கேட்டபோது யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்தேன். எங்கள் தெருவில் விளக்கு எரியாமல், லைப்ரரியிலிருந்து இருட்டில் நடந்து வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு சனிக்கிழமை போனேன். எனக்கு முன்னால் குப்பைத்தொட்டி எடுக்காத புகாரோடு ஒரு தாத்தா. ஊரில் என்றால் கவுன்சிலரைப் பார்க்கவே 'நம்ம ஆள்' ஒருத்தரைப் பிடித்திருப்பேன். இங்கே யாரும் நான் யாருடைய மகள் என்று கேட்கவில்லை. விளக்கு எரிய ஒன்றரை மாதம் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ரொம்பப் புகழ்ந்துவிடக் கூடாது.

உங்கள் மாமாவுக்குத் தெரியாத ஒன்று: உங்களுக்கு இங்கே ஓட்டு உண்டு. இந்தியா காமன்வெல்த் நாடு. முறையான விசாவோடு இங்கே வசிக்கும் இந்தியக் குடிமகன், மாணவராக இருந்தாலும், நாடாளுமன்றத் தேர்தலில்கூட வாக்களிக்கலாம். வந்த மாதமே பதிவு செய்யுங்கள், இணையத்தில் சின்ன வேலைதான். வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் போன் கனெக்‌ஷன், கிரெடிட் கார்டு வாங்கும்போதும் கை கொடுக்கும். கேட்டால் தபால் ஓட்டும் தருவார்கள்.

என்னைப் போல வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நம் நாட்டில்தான் அந்தத் தபால் ஓட்டு இல்லை. படிவம் 6ஏ கொடுத்துப் பேரைச் சேர்க்கலாம், ஆனால் ஓட்டுப் போட பாஸ்போர்ட்டோடு நேரில்தான் போய் நிற்க வேண்டும். ஊரில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்த 2024 ஏப்ரல் 19-க்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஜூலை 4-ல் இங்குள்ள நாடாளுமன்றத் தேர்தலுக்கு அதே இந்திய பாஸ்போர்ட்டை அடையாளமாகக் காட்டி, இங்கே ஒரு சர்ச் ஹாலில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு ராத்திரி வீடியோ காலில் அம்மா விரலைக் காட்டச் சொன்னாள். இங்கே மை வைப்பதில்லை என்றேன்.

"அப்போ நீ ஓட்டே போடல, சும்மா சொல்லுத" என்றாள்.